ஒரே தடத்தில் நாலு பஸ்: வாசகர் கேள்வி - பதில்

டெல்டா மாவட்டங்களில் ஓடும் ரூட் பஸ், பர்மிட், டைமிங், மினி பஸ் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். அரசு பஸ், தனியார் பஸ் என்று மூன்று வண்டிகள் ஒன்றன் வால் பிடித்து ஒன்று வந்து நிற்கின்றன. அதை விட்டால் அரை மணி நேரம் ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இத்தனை பர்மிட் கொடுத்தவர்கள் நேரத்தைப் பிரித்துக் கொடுக்க மாட்டார்களா?
– வாசகர், பாபநாசம்

பதில்: பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். பிரித்த இடம்தான் தவறு.

ஒவ்வொரு ரூட் பஸ்ஸின் பர்மிட்டோடும் ஒரு நேரத் தாள் இருக்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை நடை (ஓட்டம்) என்பதெல்லாம் அதில் உண்டு. தஞ்சாவூர்–கும்பகோணம் வண்டிக்கு ஒரு கோப்பு, திருச்சி–மயிலாடுதுறை வண்டிக்கு வேறொரு கோப்பு, தஞ்சாவூர்–சிதம்பரம் வண்டிக்கு இன்னொன்று. தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் 7.00, 7.10, 7.20 என்று ஒரு தடத்து வண்டிகளைச் சீராகப் பிரித்திருப்பார்கள். வேறு தடத்து வண்டி திருச்சியில் 5.40-க்கு எடுத்து, தஞ்சாவூரைத் தொட்டு, அய்யம்பேட்டை தாண்டி உங்கள் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் கோப்பில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பாபநாசம் வழியாக வரும் வண்டிகளுக்கெல்லாம் ரோடு ஒன்றுதான். முனையில் சீராக இருக்கும் இடைவெளி நடுவழியில் குலைந்துவிடுகிறது.

இதனால் என்ன நட்டம் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். உங்கள் நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு ஒரு பயணி வருகிறார், அரை மணிக்கு 2 பஸ் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் 15 டிக்கெட். பயணி சராசரியாகக் காத்திருப்பது ஏழரை நிமிடம். அதே 2 பஸ்கள் 5 நிமிடம், 25 நிமிடம் என்ற இடைவெளியில் வந்தால் முன் வண்டிக்கு 25 டிக்கெட், பின் வண்டிக்கு 5. பயணியின் சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய 11 நிமிடமாகிவிடும். வண்டி கூடவுமில்லை, குறையவுமில்லை. டீசல் செலவும் அதேதான். காத்திருப்பு மட்டும் கூடிவிட்டது.

முதலாளிக்கு இது பணம். ஒரு நடைக்கு 20 டிக்கெட் வித்தியாசம், டிக்கெட் சராசரி 15 ரூபாய் என்றால் 300 ரூபாய். நாளுக்கு 8 நடை என்றால் 2,400 ரூபாய். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கலெக்‌ஷன் மேல் பேட்டா இருந்தால் அவர்கள் கையும் இதில் இருக்கிறது. ஆகவே முன் வண்டி ஊருக்குள் மெல்ல உருட்டும். 4 நிமிடம் கூடுதலாக நின்றால் 29 டிக்கெட் அதற்கு. பின்னால் வருபவருக்கு ஒன்றே ஒன்று. பின் வண்டி பொறுக்க மாட்டாது; அடுத்த ஊருக்குள் அதை முந்திப் போய் நின்றுவிடும். ஊருக்குள் உருட்டல், ஊர் தாண்டினால் விரட்டல். பஸ் ரேஸ் என்று நாம் திட்டுவதன் வேர் இந்த 5 நிமிட இடைவெளிதான். டிரைவரைப் பிடித்து அபராதம் போட்டாலும் மறுநாள் இன்னொரு டிரைவர் அதையே செய்வார், ஏனென்றால் தாள் அப்படியே இருக்கிறது.

ஓட்ட நேரத்தையும் பாருங்கள். 40 கிலோமீட்டருக்கு 75 நிமிடம் என்று தாளில் போட்டிருந்தால், சந்தை நாளில் கூட்டம் ஏற்றி இறக்கி, ஒரு ரயில்வே கேட்டில் 8 நிமிடம் நின்றுவிட்டு எந்த வண்டியும் அந்த நேரத்துக்குள் போக முடியாது. அட்டவணைப்படி ஓடினால் வேக வரம்பை மீற வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், அந்த விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்றே மோட்டார் வாகனச் சட்டத்தின் 71-வது பிரிவு சொல்கிறது. நாள் முழுக்க ஒரே ஓட்ட நேரம் என்பதே தவறு. காலை 8 முதல் 10 வரை ஒரு கணக்கு, மதியத்துக்கு வேறு கணக்கு வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு வாரம், காலை 6 முதல் 10 வரை, உங்கள் நிறுத்தத்தில் வரும் ஒவ்வொரு பஸ்ஸின் பதிவெண், வந்த நேரம், போன நேரம் மூன்றையும் எழுதுங்கள். தஞ்சாவூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் அந்த வண்டிகளின் அனுமதிக்கப்பட்ட நேரத் தாள்களின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, "பாபநாசத்தை இடை நேரப் புள்ளியாக (வண்டி வர வேண்டிய நேரம் குறித்த நடுவழி நிறுத்தமாக) வைத்து டைமிங்கை மாற்றி அமைக்க வேண்டும்" என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்பது மாவட்ட ஆட்சியர்தான். போக்குவரத்து அலுவலர் அதன் செயலர். குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து பர்மிட்டின் நிபந்தனைகளை மாற்ற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. "பஸ் சரியாக வருவதில்லை" என்ற ஒரு வரி மனு கோப்பில் தூங்கிவிடும். நேரக் குறிப்போடு போகும் மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

கேள்வி: கும்பகோணம்–மன்னார்குடி தடத்தில் எனக்கு ஒரே ஒரு பஸ். இப்போது இன்னொருவர் இதே தடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். எனக்கே கலெக்‌ஷன் கட்டவில்லை. "கூடாது" என்று ஆட்சேபம் சொல்ல முடியுமா?
– பஸ் உரிமையாளர், வலங்கைமான்

பதில்: "எனக்கு நட்டம் வரும், ஆகவே அவருக்குக் கொடுக்காதீர்கள்" என்ற ஆட்சேபம் இன்று நிற்காது. எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே நிற்கும் என்பதும் தெரியும்.

1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு தடத்துக்கு எத்தனை பஸ் என்று எண்ணிக்கையை முதலில் முடிவு செய்வார்கள். பிறகு விண்ணப்பம் கேட்பார்கள். ஏற்கெனவே ஓட்டுபவர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தோற்றால் மேல்முறையீடும் போகலாம். ஒரு பர்மிட்டுக்குப் பத்துப் பேர் வந்தால் யாருக்குக் கொடுப்பது? அதற்காகச் சென்னை மாநில அரசு 1956 ஏப்ரல் 28-ல் 1298-ம் எண் அரசாணை போட்டு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. பணிமனை வைத்திருப்பது, தடத்தில் குடியிருப்பது, தொழில் அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மார்க். பர்மிட் வழக்குகள் நீதிமன்றங்களை நிறைத்த காலம் அது. நம் கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனியின் வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போய் 1959-ல் தீர்ப்பானது. நீதிமன்றம் போல விசாரித்து முடிவெடுக்க வேண்டிய ஆணையத்துக்கு, இப்படித்தான் மார்க் போட வேண்டும் என்று அரசு உத்தரவிட முடியாது என்று சொல்லி, 1964-ல் அந்த அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

1988-ம் ஆண்டுச் சட்டம், 1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, கதவைத் திறந்துவிட்டது. 80-வது பிரிவின்படி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக மறுக்கக் கூடாது. மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். இதை எதிர்த்துப் பழைய உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1991-ல் மிதிலேஷ் கார்க் வழக்கில் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: தனக்குப் போட்டி வரக் கூடாது என்று கேட்க ஏற்கெனவே ஓட்டுபவருக்கு உரிமை இல்லை, போட்டி கூடினால் பயணிக்கு நல்லது.

ஆகவே உங்கள் ஆட்சேபத்தை வேறு மூன்று இடங்களில் வையுங்கள். முதலாவது, தடம் அரசின் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்துக்குள் வருகிறதா? வந்தால் அவருக்குப் பர்மிட்டே கொடுக்க முடியாது. அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறோம். இரண்டாவது, அவர் காட்டிய கிலோமீட்டரும் ஓட்ட நேரமும் உண்மையா? கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டி நடையைக் கூட்டிக் கேட்பது பழைய வழக்கம். மூன்றாவதுதான் முக்கியம்: டைமிங்.

பர்மிட் முடிவான பிறகு டைமிங் கான்ஃபரன்ஸ் (நேரம் முடிவு செய்யும் கூட்டம்) கூப்பிடுவார்கள். அங்கே வெறுங்கையோடு போய்ச் சத்தம் போட்டால் பயனில்லை. நான்கு தாள்கள் கொண்டுபோங்கள். ஒன்று, உங்கள் நேரத் தாள். இரண்டு, வலங்கைமானிலும் நீடாமங்கலத்திலும் காலை முதல் இரவு வரை வரும் எல்லா வண்டிகளின் பட்டியல். அரசு பஸ், வேறு தடத்து வண்டி எல்லாமே அதில் இருக்க வேண்டும். மூன்று, ஒரு மாதத்து டிக்கெட் கணக்கு, நடைவாரியாக. நான்கு, நீங்கள் சொல்லும் மாற்று நேரம். "9.05 எனக்கு 5 நிமிடம் முன்னால் விழுகிறது, வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், "9.25-க்கும் 10.10-க்கும் நடுவில் வண்டியே இல்லை, அவருக்கு 9.45 கொடுங்கள்" என்று சொன்னால் பேச்சு நகரும். இடைவெளியைக் காட்டுபவர் சொல்வதைத்தான் அந்த மேசையில் கேட்பார்கள். உத்தரவு தவறு என்று தோன்றினால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் சீராய்வு மனு போடலாம். அதற்குப் பிறகு போனால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால்தான் எடுப்பார்கள். உத்தரவு கையில் கிடைத்த தேதியை நம்பி இருந்துவிடாதீர்கள், உத்தரவின் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

கேள்வி: படித்துவிட்டு ஊரிலேயே தொழில் செய்ய ஆசை. மன்னார்குடி–தஞ்சாவூர் போன்ற மெயின் ரோட்டில் ஒரு பஸ் விட வேண்டும் என்றால் பர்மிட் எப்படி வாங்குவது? சட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்களே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 80-வது பிரிவு திறந்த கதவை 6-வது அத்தியாயம் பாதி மூடி வைத்திருக்கிறது. 99 முதல் 104 வரையான பிரிவுகளின்படி, ஒரு பகுதியையோ தடத்தையோ அரசுப் போக்குவரத்துக் கழகம் நடத்தும் என்று மாநில அரசு திட்டம் வெளியிடலாம். 30 நாள் ஆட்சேபம் கேட்டு, அங்கீகரித்துவிட்டால், அந்தத் திட்டம் அனுமதித்தால் ஒழிய அதில் தனியாருக்குப் புதுப் பர்மிட் கிடையாது. "முழுத் தடமும் வேண்டாம், நடுவில் 5 கிலோமீட்டர் மட்டும்தான் அந்த ரோட்டில் போகிறேன்" என்ற வாதத்தையும் 1985-ல் ஆதர்ஷ் டிராவல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் முக்கியத் தடங்கள் பலவும் இப்படிப்பட்ட திட்டங்களுக்குள் இருக்கின்றன. இங்கே ஓடும் தனியார் பஸ்களில் பெரும்பாலானவை முன்பே பர்மிட் வாங்கியதால் காக்கப்பட்டவை. 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துச் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து டெல்டாவின் ரோடுகள் இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

ஆகவே நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று மினி பஸ். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸைப் பர்மிட்டோடு வாங்கி, 82-வது பிரிவின்படி ஆணையத்தின் அனுமதியோடு பெயர் மாற்றிக்கொள்வது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்துவிட்டால் பர்மிட் உங்களுடையதாகிவிடாது. அனுமதி வராமல் ஓட்டினால் பர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம். 10,000 ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன.

முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். பர்மிட் முடியும் தேதி: ஆயுள் 5 வருடம், முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும். காலாண்டு வரி பாக்கி. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி: 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்பது. நிலுவையிலுள்ள செக் ரிப்போர்ட்டுகள் (சோதனையில் எழுதிய குற்றக் குறிப்புகள்). விபத்து இழப்பீட்டு வழக்குகள், அந்த நாளில் காப்பீடு இருந்ததா என்பது. டிரைவர், கண்டக்டர் வருங்கால வைப்புநிதிப் பாக்கி.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரத் தாளின் சான்றிட்ட நகல். விற்பவர் வாயால் சொல்லும் டைமிங்கும் தாளில் இருக்கும் டைமிங்கும் ஒன்றா என்று நீங்களே அலுவலகத்தில் பாருங்கள். பக்கத்து வண்டிக்காரரோடு பேசி வைத்துக்கொண்டு மாற்றி ஓட்டும் நேரங்கள் உண்டு. வண்டி கைமாறினால் அந்தப் பேச்சு முறிந்துவிடும், காலை 8 மணி நடை உங்கள் கையை விட்டுப் போய்விடும். பஸ்ஸின் விலையில் பாதிக்கு மேல் அந்தத் தாளின் விலைதான்.

இதோடு சேர்ந்த ஒரு செய்தி, குடும்பமாகப் பஸ் வைத்திருப்பவர்களுக்கு. பர்மிட்காரர் இறந்துவிட்டால் வாரிசு 30 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்தால் 3 மாதம் வரை ஓட்டலாம்; அந்த 3 மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காரியம் முடியட்டும், அண்ணன் தம்பி பாகம் பேசி முடியட்டும் என்று காத்திருந்து பர்மிட்டை இழக்காதீர்கள். யாராவது ஒருவர் பெயரில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊருக்கு உள்ளே பஸ்ஸே கிடையாது. மினி பஸ் கேட்டால் "கிலோமீட்டர் கணக்கு வரவில்லை" என்று திருப்பிவிட்டார்களாம். என்ன கணக்கு அது?
– ஊர்ப் பொதுமக்கள், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: பழைய மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 20 கிலோமீட்டர், அதில் ஏற்கெனவே பஸ் ஓடும் ரோட்டில் 4 கிலோமீட்டர்தான் போகலாம். அந்த 4 கிலோமீட்டர் எங்கோ ரோட்டோரத்தில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவர்கள் அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பல மினி பஸ்கள் நின்றுபோனதற்கு இது ஒரு பெரிய காரணம். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய விரிவான திட்டத்தில் (ஜூன் 16-ல் தஞ்சாவூரில்தான் தொடங்கிவைத்தார்கள்) தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 விழுக்காடு பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும்.

கணக்கைக் கடைசியிலிருந்து போட்டால் எளிது. உங்கள் ஊர் ரோடு மெயின் ரோட்டைத் தொடும் இடத்திலிருந்து நகரப் பஸ் நிலையம் 6 கிலோமீட்டர் என்றால், 6-ஐ 35-ஆல் வகுத்து 65-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 11.14 கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு நீளத்துக்குப் பஸ் இல்லாத பாதை உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் ஊர் மட்டும் 5 கிலோமீட்டர் என்றால் மனு திரும்பத்தான் செய்யும். அடுத்தடுத்த இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்து, வாய்க்கால் கரைச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தால் கணக்கு நிற்கும்.

சுற்றும்போது கவனிக்க வேண்டியவை டெல்டாவுக்கே உரியவை. வாய்க்கால்களின் மேலுள்ள குறுகிய பாலங்களின் அகலத்தையும் தாங்கும் திறனையும் அலுவலர்கள் பார்ப்பார்கள். வளைவில் வண்டி திரும்ப இடம் வேண்டும். கடைசி ஊரில் வண்டியைத் திருப்ப ஒரு களம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறும் தாழ்வான இடம் இருந்தால் மாற்று வழியையும் வரைபடத்தில் காட்டுங்கள்; இல்லையென்றால் மழைக்கு நிற்கும் வண்டி மழை விட்டாலும் வராமல் போகும். ஒரே தடத்துக்கு ஒன்றுக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் நடத்துகிறார்கள். உங்கள் ஊர்த் தடத்தை விண்ணப்பதாரர் எவரும் கேட்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆகவே கிராமசபைத் தீர்மானத்தோடு, தினமும் வெளியே போகும் மாணவர் எத்தனை பேர், நூறு நாள் வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர் எத்தனை பேர் என்ற பட்டியலையும் தயாரித்து, ஓட்டத் தயாராக இருக்கும் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். ஆள் கிடைத்தால் தடம் கிடைக்கும்.

கேள்வி: மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு கும்பகோணம்–மயிலாடுதுறை பஸ்ஸுக்கு எந்த அலுவலகம் போக வேண்டும்? காரைக்கால் வரை நீட்டிக்கலாமா?
– வாசகர், குத்தாலம்

பதில்: தடத்தின் பெரும்பகுதி எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் ஏறக்குறைய சமம் என்றால் வண்டியை இரவில் நிறுத்தும் ஊரின் அலுவலகம். மற்ற வட்டாரத்தில் 88-வது பிரிவின்படி மேலொப்பம் (பர்மிட் அங்கேயும் செல்லும் என்ற ஒப்புதல்) வாங்க வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே போவது மாநிலங்களுக்கு இடையிலான தடம். இரு அரசுகளின் ஒப்பந்தத்தில் அந்தத் தடத்துக்கு இடம் இருந்தால்தான் கோப்பு நகரும்.

கேள்வி: இரவு 9.15-க்கு எங்கள் ஊருக்குக் கடைசி பஸ். கூட்டம் இல்லை என்றால் கும்பகோணத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். சில நாள் ஆடுதுறையோடு திருப்பிவிடுகிறார்கள். நானும் தோழிகளும் ஜவுளிக் கடையில் வேலை முடிந்து ஆட்டோவுக்கு 200 ரூபாய் கொடுத்து வருகிறோம். யாரிடம் சொல்வது?
– வாசகி, திருவிடைமருதூர் வட்டம்

பதில்: அம்மா, அந்த நடை அவர்கள் விருப்பம் அல்ல, பர்மிட்டின் நிபந்தனை. காலை 8 மணி நடையின் லாபத்தை எடுத்துக்கொள்பவர் இரவு 9.15 நடையின் நட்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பர்மிட் கொடுப்பதன் பொருள். போட்டி கூடிய தடங்களில் முதலில் வெட்டுப்படுவது இரவுக் கடைசி நடையும் மதிய நடையும்தான். இதை ஆணையம் கண்டுகொள்ளாமல் விட்டால் பர்மிட் என்ற ஏற்பாடே வீண் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வண்டி வராத ஒவ்வொரு நாளும் தேதியை எழுதி வையுங்கள். வந்து பாதியில் திருப்பினால் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதில் தேதி, நேரம், வண்டி எண் இருக்கும். 10 நாள் குறிப்பு சேர்ந்ததும், உங்களோடு வரும் 5 பேராவது கையெழுத்திட்டு, கும்பகோணம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு பஸ் என்றால் கிளை மேலாளரிடமும் ஒரு பிரதி. மனுவில் "86-வது பிரிவின்படி நடவடிக்கை" என்று எழுதுங்கள். உரிமையாளரிடம் விளக்கம் கேட்டு, பர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அந்தப் பிரிவு இடம் தருகிறது. பெரும்பாலும் நிறுத்திவைப்பதற்குப் பதில் ஒரு தொகை கட்டச் சொல்லி முடிப்பார்கள். பரவாயில்லை, இரண்டாவது முறை கட்டுவதற்குள் வண்டி வர ஆரம்பிக்கும். பொதுச் சேவை வண்டிகளில் இடங்காட்டும் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. "குறிப்பிட்ட தேதிகளில் வண்டியின் ஓட்டப் பதிவைப் பார்க்க வேண்டும்" என்றும் மனுவில் கேளுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. எங்கள் வண்டியும் அதே ரோட்டில்தான் ஓடுகிறது. கண்டக்டர் கூவிக் கூப்பிட்டாலும் யாரும் ஏறுவதில்லை. இதற்குப் பெயர் போட்டியா?
– தனியார் பஸ் உரிமையாளர், மயிலாடுதுறை

பதில்: 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். அந்த இழப்பை அரசு தன் கழகங்களுக்கு ஈடு செய்கிறது, தனியாருக்குச் செய்வதில்லை. விலை ஒரு பக்கம் சுழியாக இருக்கும்போது அதைப் போட்டி என்று சொல்ல முடியாது என்பது உண்மை. சாதாரண வெளியூர் பஸ்ஸுக்கு 2018 ஜனவரியில் நிர்ணயித்த கிலோமீட்டருக்கு 58 காசுக் கணக்கில் ஓட்டுபவர் அதற்கு மேல் குறைக்கவும் முடியாது.

ஆனால் அந்தத் திட்டத்தால் வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்களை நினைத்தால் அதை எதிர்த்துப் பேச எங்களுக்கு மனம் வராது. சரி செய்ய வேண்டியது வேறு. நிறுத்தத்தில் நிற்கும் பெண் 2 தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த ரோட்டில் மணிக்கு ஒரு பஸ்தான். டைமிங் போடும்போது டவுன் பஸ்ஸுக்கு 3 நிமிடம் பின்னால் விழும் உங்கள் நடைகளைக் குறித்துக்கொண்டுபோய், இரண்டு டவுன் பஸ்களுக்கு நடுவில் மாற்றிக் கேளுங்கள். அவசரத்தில் இருப்பவர், பள்ளி நேரம் தவறியவர், ஆண்கள் எல்லோரும் அந்த நடுநேரத்தில்தான் உங்கள் வண்டிக்கு வருவார்கள். தூரப் பயணிகளை நம்பி நிறுத்தங்களைக் குறைத்து ஓட்டுவதானால் பர்மிட்டில் மாற்றம் வாங்க வேண்டும். வாங்காமல் நிறுத்தத்தைத் தாண்டிப் போனால் அது நிபந்தனை மீறல்.

நீண்ட நாளைக்கு ஒரு வழிதான் தெரிகிறது. அரசு கிலோமீட்டருக்கு இத்தனை என்று கொடுத்து, டிக்கெட் பணத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம். சென்னையில் 2025-ல் மின்சார பஸ்களை இப்படித்தான் ஓட்டத் தொடங்கினார்கள். கிலோமீட்டருக்குப் பணம் வாங்குபவருக்கு முன் வண்டியை விரட்ட வேண்டிய தேவையே இல்லை. யார் ஏறினாலும் அவருக்கு ஒன்றுதான். டெல்டாவில் ஒரு தடத்திலாவது இதை முயன்று பார்க்க உரிமையாளர் சங்கங்களே முன்வந்து கேட்க வேண்டும்.

கேள்வி: வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் திருவாரூர் தேருக்கும் மட்டும் கூடுதல் வண்டி ஓட்ட அனுமதி உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்டு. 87-வது பிரிவின்படி திருவிழா, சந்தை போன்ற தற்காலிகத் தேவைகளுக்கு 4 மாதத்துக்கு மிகாமல் தற்காலிகப் பர்மிட் தரலாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. தேதி மாறாது என்பதால் ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வண்டி எந்தத் தடத்திலிருந்து எடுக்கப்படுகிறது, அந்த நாட்களில் அந்தத் தடத்துக்கு மாற்று வண்டி எது என்பதை விண்ணப்பத்தோடு தனித் தாளில் கொடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் போகும் விண்ணப்பங்கள்தான் கடைசி நேரத்தில் திரும்பி வருகின்றன. கும்பகோணத்தில் மகாமகம் 2028-ல் வருகிறது. அதற்கு வண்டி விட நினைப்பவர்கள் எஃப்.சி., காப்பீடு இரண்டும் மாசி மாதம் முழுவதும் உயிரோடு இருக்கும்படி இப்போதே தேதிகளைப் பார்த்து வையுங்கள்.